கிணற்றுக்குள் ஒரு பட்டாளத்தான்

கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் கிணற்று மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. புத்தி உள்ளவன் என்ன செய்வான்? நாலு ஆளைக் கூப்பிட்டு, செயின் பிளாக் கட்டி மோட்டாரை மேலே தூக்கி, உத்திரமேரூருக்குக் கொண்டுபோய் எரிந்த கம்பிச் சுருளை மாற்றிப் புதுக் காயில் கட்டி எடுத்து வருவான். பிரபாவின் குடும்பத்தில் அப்படிப்பட்ட அதிசயமெல்லாம் நடக்காது. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மோட்டார் பிரபாவின் அப்பா சுப்பிரமணியுடையது. கரண்டு சர்வீஸ் அவருடைய பங்காளி கோபால் பேரில் இருந்தது. மோட்டார் கொட்டகையின் சாவி கோபாலின் அரைஞாணில் தொங்கியது. கிணறு மட்டும் இன்னும் இரண்டு செத்த மனிதர்களின் பேரில் கிடந்தது. அண்ணன் வேதகிரி, தம்பி எல்லப்பன். வேதகிரியின் பேரன் கோபால். எல்லப்பனின் பேரன் சுப்பிரமணி. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவன் மடையைத் திறப்பதைப் பார்த்து இன்னொருவன் அடைப்பான். வாயைத் திறக்காமலே இத்தனை வருசம் தண்ணீர் பாய்ச்சிவிட்டார்கள். ஆனால் வாயைத் திறக்காமல் மோட்டாரைத் தூக்க முடியாது. மெக்கானிக்கும் சொல்லிவிட்டான். "ரெண்டு பேரும் நின்னா வரேன். போன தபா ஒருத்தர் பேச்சக் கேட்டு வந்து போலீஸ் ஸ்டேஷன் வரிக்கும் போனேன்."

சண்டை இன்று நேற்றுச் சண்டை இல்லை. சப்பான்காரன் சண்டைக் காலத்துச் சண்டை. அப்போது எல்லப்பன் பட்டாளத்துக்குப் போனார். அவர் செத்துவிட்டதாகச் சேதி வந்தது என்று சொல்லி வேதகிரி மொட்டை போட்டு, பிண்டம் வைத்து, தம்பிக்குக் கருமாதி செய்துவிட்டார். எல்லப்பனின் பெண்சாதி சொக்கம்மாளுக்குத் தாலி அறுத்தார்கள். சண்டை முடிந்ததும் செத்தவர் முழுசாக ஊருக்குள் நடந்து வந்தார். வந்தபோது தாலி அறுத்தவளின் இடுப்பில் ஒரு கைப்பிள்ளை இருந்தது.

என் பிள்ளைதான் என்றார் எல்லப்பன். எப்படி என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. ஊர் சும்மா இருக்குமா? "பிண்டத்துக்குப் பொறந்தவன்" என்று அந்தப் பிள்ளைக்குப் பேர் வைத்தது. அந்தப் பிள்ளைதான் சுப்பிரமணியின் தகப்பன். நிலத்தை அமுக்கவே உயிரோடு இருந்த தம்பிக்கு வேதகிரி கருமாதி செய்தார் என்பது சுப்பிரமணி வீட்டுக் கட்சி. அந்தப் பிள்ளை யாருக்குப் பிறந்தது என்று முதலில் சொல்லுங்கள் என்பது கோபால் வீட்டுக் கட்சி.

இதற்கு மேல் ஒரு படையல் வேறு. வருசா வருசம் சித்திரையில் ஒரு நாள், உச்சி வெயிலில், கோபால் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் ஒரு சட்டியின் வாயைத் துணியால் கட்டி, கயிற்றில் கிணற்றுக்குள் இறக்குவாள். கொஞ்ச நேரம் தொங்கவிட்டு மேலே இழுத்து, உள்ளே இருப்பதை வரப்பில் கொட்டி மண்ணைத் தள்ளிவிட்டுப் போவாள். செய்வினை என்றார் சுப்பிரமணி. அந்த நாளில் அவர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே மிளகாய் புகையும். தும்மித் தும்மிச் சாவார்களே தவிர, அது என்ன படையல் என்று ஒருத்தர் போய்க் கேட்டதில்லை.

பிரபாவுக்கு இருபத்திரண்டு வயசு. கம்பெனியில் செல்போன் பூட்டுகிற வேலையில் இருந்தாள். காண்டிராக்ட் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவள் சும்மா இருக்காமல் அரை ஏக்கரில் தானே நாற்றுப் பிடுங்கித் தானே நட்டிருந்தாள். இடுப்பு ஒடிய நட்ட பயிர் இப்போது வெடித்த மண்ணில் நின்று சுருண்டுகொண்டிருந்தது.

"நைனா, சித்தப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டா இன்னா?" என்றாள்.

"பட்டாளத்தான் பேரன் அவன் வூட்டு வாசல்ல போயி நிப்பானா?"

"பயிரு காயுது."

"காயட்டும். மானம் காயாது."

"அப்ப மானத்த அறுத்துத் தூத்தி மூட்ட கட்டு. வருசம் பூரா பொங்கித் தின்னலாம்."

"வாய் நீளுது உனுக்கு. எங்க தாத்தா எட்டு சப்பான்காரன நிக்கவெச்சு சுட்டவரு, தெரியுமா?"

"போன வருசம் ஆறுன்னு சொன்ன. செத்த பெறவும் சுட்டுக்கினே கீறாரா அந்தாளு?"

சுப்பிரமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். மானத்தோடு குடிக்கிற டீ.

பிரபா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். மோட்டாரின் கால் நட்டுகளையாவது கழற்றி வைத்தால், அப்புறம் எவன் காலையாவது பிடித்துத் தூக்கலாம் என்பது கணக்கு. போனை வரப்பில் வைத்துவிட்டுப் படிக்கல்லில் காலை ஊன்றி இறங்கினாள். பாதிக்கு மேல் பாசி. மோட்டார் உட்கார்ந்திருந்த திட்டின் மேல் காலை வைத்தாள். வழுக்கியது. முழுசாகத் தண்ணீருக்குள் போனாள்.

மின்னலும் இல்லை, சுழலும் இல்லை. மூக்கில் தண்ணீர் ஏறியது, அவ்வளவுதான். எழுந்து நின்றபோது தண்ணீர் மார்பளவு இருந்தது. திட்டில் மோட்டார் இல்லை. சுவரில் சிமெண்டுப் பூச்சு இல்லை. செங்கல் அப்படியே தெரிந்தது. மேலே பி.வி.சி. குழாய்க்குப் பதிலாகக் மாடு கட்டிக் கவலை இறைக்கிற மரச்சட்டமும் தோல் சாலும் தொங்கின. மோட்டார் இருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு பொந்து. அதற்குள் ஒரு ஆள்.

ஆளா அது? கோவணம் கட்டிய எலும்பு. வயிறு மட்டும் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. வெடவெடவென்று நடுங்கியது.

"கன்னிம்மா தாயே, நான் ஒண்ணும் பண்ணல. வுட்டுடு" என்று அவளைக் கிணற்றுத் தெய்வமாக நினைத்துக் கும்பிட்டது.

பழைய கம்பெனி டீ ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் போட்ட கன்னியம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டு முறைத்தாள். "யோவ், யார்யா நீ? எங்க கிணத்துல இன்னா பண்ற?"

"உங்க கிணறா? இது எங்க கிணறு தாயே. எங்க அண்ணாத்த வேதகிரியும் நானும் வெட்டனது."

"உன் பேரு?"

"எல்லப்பன்."

தாடையைப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, நைனாவின் தாடை. முட்டாள்தனமாகப் பேசும்போது முன்னால் நீளுகிற அதே தாடை.

"பட்டாளத்துக்குப் போன எல்லப்பனா?"

"மெதுவா பேசு தாயே!" அவன் பொந்துக்குள் இன்னும் ஒடுங்கினான். "பட்டாளம் இன்னா பட்டாளம். பட்டாளத்துக்குக் கூலி ஆளு. அஸ்ஸாம் பக்கத்துல மல மேல கல்லு ஒடச்சோம், ரோடு போட்டோம். துப்பாக்கிய தொட்டதே இல்ல."

"எட்டு சப்பான்காரன சுட்டியாமே?"

"சப்பான்காரன் மூஞ்சி எப்பிடி கீதுன்னே எனுக்குத் தெரியாது."

பிரபாவுக்குச் சிரிப்பு வெடித்தது. இந்த எலும்பின் பேரைச் சொல்லித்தான் சுதந்திர தினத்துக்கு வாசலில் கொடி ஏற்றி, மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார் நைனா.

அவன் சிரிக்கவில்லை. "மழ. ஜொரம். பக்கத்துல படுத்தவன் காலைல எழுந்திரிக்க மாட்டான். அவன் போர்வய எடுத்து அடுத்தவன் போத்திக்குவான். எம் போர்வய ஒருத்தன் பாத்துக்கினே இருந்தான். ஓடியாந்துட்டேன்" என்றான்.

சிரிப்பு நின்றுவிட்டது. கம்பெனியில் ஒருத்தி மயங்கி விழுந்தபோது, அவளைத் தூக்கிப்போன கையோடு அந்த ஸ்டூலில் அடுத்தவளை உட்காரவைத்தார்கள். அந்த அடுத்தவள் பிரபா. ஸ்டூல் சூடாக இருந்தது.

"நீ எனுக்குத் தாத்தாவோட அப்பன்" என்றாள். "உம் பையனோட பேத்தி நான்."

"எனுக்கு ஏது தாயே பையன்? சொக்கம்மா இப்பத்தான் முழுவாம கீறா." சொல்லும்போது அவன் முகம் கோணிக்கொண்டது. "தாலி அறுத்தவ முழுவாம கீறான்னு தெரிஞ்சா ஊரு இன்னா பேசும்?"

மேலே கல் உருண்டது. வெயிலை மறைத்துக்கொண்டு ஒரு மொட்டைத் தலை எட்டிப் பார்த்தது. கயிற்றில் ஒரு சட்டி இறங்கி வந்தது. எல்லப்பன் பாய்ந்து துணியை அவிழ்த்தான். கேழ்வரகுக் களி. பக்கத்தில் ஒரு கட்டு பீடி.

"அண்ணாத்தே, நெருப்பெட்டி?"

"வெக்கல. கிணத்துலேர்ந்து பொக வந்தா ஆளு கீறது தெரிஞ்சிடும்டா மடையா" என்றது மொட்டைத் தலை.

"பத்த வெக்காத பீடிய வெச்சு நான் இன்னா பண்றது?"

"மென்னு துப்பு. எம் மொட்டய பாரு. உயிரோட கீறவனுக்குப் பிண்டம் வெச்சுட்டு வந்து நிக்கறேன், உனுக்கு நெருப்பெட்டி கேக்குதா?" மொட்டைத் தலை திரும்பிப் பாதையைப் பார்த்தது. "தேடறவனுங்க இன்னும் போவலடா. ரெண்டு தபா வந்துட்டானுங்க. சொக்கம்மாவுக்கு வேற வயிறு தெரிய ஆரம்பிச்சிடும். சண்ட முடிஞ்சதும் நான் ஊரக் கூட்டிச் சொல்லிடறேன், என் தம்பி இங்கதான் இருந்தான்னு."

"சொல்லாத!" களி அப்பிய வாயோடு கத்தினான் எல்லப்பன். "ஓடியாந்தவன்னு தெரிஞ்சா எத்தினி வருசம் ஆனாலும் கட்டி இழுத்துக்கினு போவானுங்க. செத்த சேதி தப்புன்னு சொல்லிக்கினு நானே ஒரு நாளு ரோட்டு மேல நடந்து வரேன். நீ வாயத் தொறக்காத. இந்தக் களி மேல சத்தியம் பண்ணு."

"அப்ப கருமாதி பண்ண நான் இன்னாடா ஆவறது? நெலத்துக்கு ஆசப்பட்டேன்னு பேசுவானுங்களே."

"நீ பெரியவன். தாங்கிக்கோ."

"சொக்கம்மா?"

"அவளும் தாங்கிக்குவா."

பிரபாவுக்கு அந்த எலும்புக் கன்னத்தில் ஒன்று விடலாம் போலக் கை பரபரத்தது. "ஏன்யா, எல்லாரும் தாங்கிக்கினா நீ இன்னாத்த தாங்குவ?"

"யார்றா அது, பொம்பள கொரலு?" என்றார் மேலே இருந்தவர்.

பதில் சொல்ல நேரம் இல்லை. பூட்ஸ் சத்தம் வந்தது. எல்லப்பன் பிரபாவின் தலைமுடியைப் பிடித்துப் பொந்துக்குள் இழுத்து, வாயைப் பொத்தினான். கையில் களி நாற்றமும் ஜுரச் சூடும். மேலே கேள்வி இல்லை, முதலில் அறைதான் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் உதையாக இருக்க வேண்டும்; ஆள் விழுகிற சத்தம் கேட்டது.

"எங்கடா உன் தம்பி?"

"செத்துட்டான் சாமி. மொட்ட போட்டுக்கினு கீறேன், பாருங்க சாமி."

"கிணத்துல கயிறு இன்னாத்துக்கு?"

எல்லப்பன் பிரபாவின் வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினான்.

"படையல் சாமி. தண்ணி தண்ணின்னு கேட்டு செத்தானாம். அதான் அவனுக்குக் கிணத்துல எறக்கறோம். எங்க வழக்கம் சாமி. வருசா வருசம் பண்ணணும்."

இன்னொரு அறை. வழக்கமாம்! அந்த நிமிசத்தில் பிறந்த வழக்கம். வாங்கின அடிக்குச் சொன்ன பொய்யை மெய்யாக்க, அந்த வீட்டு மருமகள்கள் இன்றைக்கும் களி கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வீட்டில் மிளகாயைப் புகைத்துத் தும்மிக்கொண்டிருக்கிறார்கள்.

கிணற்றுக்குள் ஒரு நிழல் குனிந்தது. எல்லப்பன் அவள் தலையைத் தண்ணீருக்குள் அழுத்தித் தானும் முங்கினான். அந்த நடுங்குகிற கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. மூச்சு முட்டியது. கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். நெற்றி மோட்டாரில் இடித்தது.

சிமெண்டுச் சுவர். பி.வி.சி. குழாய். மேலே வரப்பில் போன் அடித்துக்கொண்டிருந்தது. கடன் வேண்டுமா என்று கேட்கிறவனாக இருக்கும். அதை மேலேயே வைத்துவிட்டு இறங்கியதால் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எவன் நம்பப்போகிறான்?

சுப்பிரமணி நம்பவில்லை. நெற்றிப் புடைப்பைப் பார்த்துவிட்டு, "நாளைக்கிப் படையல். அதுக்குள்ள எதுக்குடி கிணத்துல எறங்கன? காத்து அறஞ்சிருக்குது" என்று வேப்பிலை ஒடிக்கப் போனார். எட்டுப் பேரைச் சுட்டதை நம்பத் தெரிந்த மனுசனுக்கு, ஒருத்தன் ஓடிவந்ததை நம்ப முடியவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் பிரபா கிணற்று மேட்டில் நின்றாள். அவள் வீட்டுப் பக்கமிருந்து மிளகாய் நெடி வந்தது. கோபாலும் அவர் பெண்சாதி வளர்மதியும் சட்டியோடு வந்தார்கள். எதிர்க்கட்சிக்காரியை அந்த இடத்தில், அந்த நாளில் பார்த்ததும் வளர்மதிக்கு முகம் வெளுத்தது.

"இன்னாடி, வம்புக்கு வந்துக்கிறியா?" என்றார் கோபால்.

"சித்தப்பா, செத்த சும்மா இரு. சின்னம்மா, அந்தச் சட்டிய அவுக்காம நான் சொல்றேன், உள்ள இன்னா கீதுன்னு. கேவுரு களி. ஒரு கட்டு பீடி. நெருப்பெட்டி வெக்க மாட்டீங்க."

வளர்மதி சட்டியை முந்தானையால் மூடினாள். கோபால் பெண்சாதியைப் பார்த்தார். "பீடியா? சட்டியில பீடி கீதா?"

"அத்த சொன்னாங்க. வூட்டு ஆம்பளைக்குக்கூட சொல்லக் கூடாதுன்னாங்க" என்றாள் வளர்மதி. பிரபாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உனுக்கு எப்பிடித் தெரியும்?"

"நெருப்பெட்டி ஏன் வெக்கறதில்ல, அது தெரியுமா உனுக்கு?"

"தெரியாது. வெக்கக் கூடாதுன்னாங்க, வெக்கல."

"பொக வரும். பொக வந்தா கிணத்துக்குள்ள ஆளு கீறது தெரிஞ்சிடும்."

எல்லாவற்றையும் சொன்னாள். கன்னியம்மா, மார்பளவு தண்ணீர் என்று எதையும் விடவில்லை. நம்புகிறவன் நம்பட்டும். கோபால் முதலில் சிரித்தார். பூட்ஸ் சத்தம் வந்த இடத்தில் சிரிப்பு போய்விட்டது.

"எங்க தாத்தாவ அடிச்சானுங்களா?"

"அடிச்சானுங்க. கடசி வரிக்கும் தம்பி செத்துட்டான்னுதான் சொன்னாரு."

கோபால் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். பிறந்ததிலிருந்து ஊருக்கு அவர், நிலத்தை அமுக்கினவனின் பேரன். பள்ளிக்கூடத்தில், சந்தையில், கல்யாண வீட்டில். அவருடைய தாத்தா எதற்காக வாயை மூடிக்கொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டார் என்று அவர் வீட்டிலும் யாருக்கும் தெரியாது.

"அப்ப உங்க ஆளு ஓடியாந்தவன்" என்றார் கடைசியில். "பட்டாளத்தான் வூடாம், பட்டாளத்தான் வூடு!"

"எவன்டா ஓடியாந்தவன்?" மிளகாய்ப் புகையில் சிவந்த கண்ணோடு பின்னால் நின்றார் சுப்பிரமணி. மகளை இழுத்துப்போக வந்தவர். எத்தனை நேரமாக நின்றாரோ. "எங்க தாத்தாவ எவனாச்சும் கோழைன்னு சொன்னா நாக்க அறுத்துடுவேன்!"

பிரபா குறுக்கே நின்றாள். "நைனா, நல்லா யோசி. உன் தாத்தா எட்டு பேர சுட்டுக்கினு எங்கியோ இருந்தாருன்னா, அந்த வருசம் சொக்கம்மா பெத்த புள்ள யாருது? உங்கப்பன் யாருக்குப் பொறந்தாரு? இல்ல, அவரு ஓடியாந்து இங்க இந்தக் கிணத்துல கெடந்தாரா? கெடந்தாருன்னா உங்கப்பன் அவுரு புள்ள. ரெண்டும் சேத்துக் கெடைக்காது. எது வோணும்னு நீயே சொல்லு."

சுப்பிரமணியின் தாடை முன்னால் நீண்டது. பிண்டத்துக்குப் பொறந்தவன் மகன் என்று காதில் விழும்போதெல்லாம் பட்டாளத்தான் பேரன் என்று மீசையை முறுக்கியே அறுபதை எட்டப்போகிற மனுசன். முறுக்குவதற்கு இனி என்ன இருக்கிறது? காய்ந்து வெடித்த வயலைப் பார்த்தார். மகளின் நெற்றிப் புடைப்பைப் பார்த்தார். கோபாலை மட்டும் பார்க்கவில்லை.

"ஒண்ணுகூட சுடலயா?" என்று மகளிடம் கேட்டார்.

"துப்பாக்கிய தொட்டதே இல்லயாம். கல்லு ஒடச்சாராம்."

"கல்லா?" கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிறவன் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார். "டேய் கோபாலு. எங்கப்பன் எங்க தாத்தாவுக்குத்தான் பொறந்தாரு."

கோபால் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். வளர்மதி அவர் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"ஆமாண்ணே" என்றார் கோபால்.

"எங்க தாத்தா பட்டாளத்துலேர்ந்து ஓடியாந்தவரு. உங்க தாத்தா அவுருக்காவ அடி வாங்கனாரு. போதுமா? இப்ப கொட்டாய் சாவிய எடு."

கோபால் சாவியைக் கொடுத்துவிடவில்லை. அவ்வளவு பெரிய மனசெல்லாம் அந்த வம்சத்தில் யாருக்கும் இல்லை. தானே போய்ப் பூட்டைத் திறந்தார். சாயங்காலத்துக்குள் மெக்கானிக் செயின் பிளாக்கோடு வந்தான். மூன்று கம்பத்தை முக்காலியாக நட்டார்கள், சங்கிலி இறக்கினார்கள். முடிச்சு சரியில்லை என்றார் சுப்பிரமணி. முடிச்சுப் போடத் தெரியாதவன் சொல்ல வந்துட்டான் என்றார் கோபால். எந்தக் கடையில் காயில் கட்டுவது என்று அடுத்த சண்டை. எச்சில் தெறிக்கிற தூரத்தில், முகத்துக்கு முகம் பார்த்து, அண்ணே என்றும் டேய் என்றும் கத்திக்கொண்டார்கள். மோட்டார் சேற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே தொங்கியது.

மேட்டு ஓரத்துக் கதிர் போனது போனதுதான். பிரபா ஒன்றைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தாள்; பதர். உள்ளே தள்ளி நின்ற கதிரைக் கிள்ளினாள். நகத்தில் பால் ஒட்டியது.

"ரெண்டு பேரும் சண்டய வண்டியில ஏறிப் போட்டுக்கினு போங்க" என்று கத்தினாள். "கட சாத்திடுவான்."